ஞாயிறும் உண்டு

"பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்க்கா" என்று சொல்லிக்கொண்டே தையல்காரி அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கடைக்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தில் புருஷன் கிடக்கிறார். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாத பாஸ்வேர்டு, மூன்றாவது தெருவில் ஜிப் மாற்றித் தருகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. இழவு வீட்டில் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்தால் பொறாமை போய்விடுமா என்ன?

பதினொரு மணிக்கு எடுக்கிறோம் என்று அவருடைய வெப்சைட்டில் காலையிலேயே போட்டாகிவிட்டது. போட்டவளும் இந்தத் தையல்காரிதான். இப்போது மகள் வருகிற விமானம் தாமதம். நாலு மணிக்கு மாற்றவில்லையென்றால் மகள் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

கொழுந்தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணி, ஊர்ல பாதிப் பேரு அதைப் பாத்துத்தான் கிளம்பறாங்க. சட்டுன்னு மாத்திடுங்க."

பாதி ஊர்தான். கம்ப்யூட்டரைக் கண்டாலே கை நடுங்குகிறவர்களுக்கு, அவரவர் வெப்சைட்டை அவரவரே மாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். ரொட்டிக்கடைக்காரர், நீச்சல் டீச்சர், நாய் டாக்டர் என்று முப்பது பேர். முதலில் தன்னுடைய சைட்டையே திறந்து கொடுத்து, "இதுல கிறுக்கிப் பழகுங்க, கெட்டா என்னோடதுதானே கெடும்" என்பார். அதனால்தான் எல்லார் கையிலும் அந்த வீட்டுச் சாவி. மவுஸைத் தொடவே மாட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "தப்பா அமுக்குங்க, ஒண்ணும் உடையாது" என்று தேன் ஒழுகச் சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் நின்று அவள் அதை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள்.

அவளிடம் மட்டும் வேறு பாட்டு. கீழே அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. அதற்கும் அவர்தான் சைட் செய்து கொடுத்தார். முழங்கால் வலி வந்து ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி இரண்டு வருஷமாகிறது. சைட்டில் இன்னமும் 'ஞாயிறும் உண்டு'. வாராவாரம் எவராவது வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். அவள் நேராக இந்த அறைக்கு வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"எப்படின்னு காட்டுங்க, நானே மாத்திக்கறேன்."

"நீ தொடாத. நான் பண்றேன். இரு."

இரு இரு என்றே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். ஊருக்கு உபதேசம், உனக்கில்லடி பெண்ணே.

நேற்று மத்தியானம்கூட அப்படித்தான். காபி எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் மூச்சில்லாமல் மேஜைமேல் சாய்ந்திருந்தார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து நாய் டாக்டரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "சார், இப்ப எதை அமுக்கணும்? சார்?" காலையில் டாக்டர் வந்து அழுதார். "கடைசியா எங்கிட்ட 'மெதுவா, அவசரமே இல்ல'ன்னார்மா" என்றார். கட்டிக்கொண்டவளுக்குக் கடைசியாக வந்தது 'சர்க்கரை கம்மியாப் போடு'. நாய் டாக்டர் கொடுத்து வைத்தவர்.

தையல்காரி பாஸ்வேர்டை அடித்து, 'பதினொரு மணி' இருந்த பக்கத்தைத் திறந்தாள். திறந்ததும் சட்டென்று எழுந்துகொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா. நீங்க இருக்கறப்ப நான் பண்ணா சார் திட்டுவார்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா வந்தேன்?"

உட்கார்ந்தாள். நாற்காலி அவர் உடம்புக்குப் பழகி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தையல்காரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவர் வைப்பது போலவே. அதைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரம்மாவுக்கு அவளை ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று இருந்தது.

ஏதோ ஒன்றை அமுக்கினாள். வரி முழுக்கக் காணாமல் போய்விட்டது. மணியும் இல்லை, அவர் பெயரும் இல்லை.

"ஐயோ! எல்லாம் போச்சே!"

"தப்பா அமுக்குங்கக்கா, ஒண்ணும் உடையாது."

இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட வார்த்தை இப்போதுதான் அவளுக்கென்று வந்திருக்கிறது, அதுவும் இன்னொருத்தி வாயால்.

"மேல வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கு பாருங்க. அதை ஒருதரம்."

அமுக்கினாள். பெயரும் மணியும் திரும்பி வந்தன. பதினொன்றை அழித்தாள், நாலு என்று அடித்தாள், கீழே நீலப் பொத்தானை அமுக்கினாள். கூடத்தில் யாருடைய போனிலோ பார்த்துவிட்டு, "நாலு மணியாம்" என்றார்கள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான்."

"இந்த ரெண்டு நிமிஷ வேலைக்கா ரெண்டு வருஷம் என்னை இரு இருன்னாரு?"

தையல்காரி தயங்கினாள். "நான் ஒருதரம் கேட்டேன்க்கா, வீட்ல சொல்லிக் குடுத்தாச்சான்னு. 'அவ கெட்டிக்காரி, ஒரே நிமிஷத்துல கத்துக்குவா. அப்புறம் இந்த ரூமுக்கு எதுக்கு வரப்போறா? இப்ப வாரம் தவறாம வந்து சண்டையாவது போடறா'ன்னு சொல்லிச் சிரிச்சார்."

அழவேண்டிய இடம்தான். அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது.

"அதையும் உங்ககிட்டதான் சொன்னாரா?"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கைகள் இன்னும் தொடைக்கு அடியிலேயே இருந்தன. மெல்லக் கேட்டாள்: "உங்க கடையோடதும் இதே மாதிரிதான்க்கா. இப்பவே அந்த ஞாயித்துக்கெழமையை எடுத்துடலாமா?"

தையல்காரி சொல்லச் சொல்லக் கண்ணாடிக்கடைக்காரம்மா கடைப் பக்கத்தைத் திறந்தாள். 'ஞாயிறும் உண்டு'. அதன் முடிவில் சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்தாள்.

கீழே ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

கொழுந்தன் பதறிக்கொண்டு வந்தான். "அண்ணி, யாரோ பெரியவர், கண்ணாடி உடைஞ்சு போச்சாம். நேரங்காலம் தெரியாம! நான் சொல்லி அனுப்பிடறேன்."

"இருக்கச் சொல்லுங்க."

அவள் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினாள். தெருவில் போட்டிருந்த நாற்காலிகளையும் அழுத முகங்களையும் அப்போதுதான் பார்த்த பெரியவர், கையில் ஒற்றைக் கால் போன கண்ணாடியோடு கூனிக்குறுகி நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா, தெரியாம வந்துட்டேன். ஞாயிறும் உண்டுன்னு போட்டிருந்துச்சு."

"ஆமா. போட்டிருக்கார்."

ஷட்டரைப் பாதிவரை தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். விளக்கைப் போட்டு, இழுப்பறையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"குடுங்க" என்று கையை நீட்டினாள்.