நோயாளி மிகைப்படுத்துகிறார்

ஆஸ்பத்திரி ரெக்கார்டையெல்லாம் இனி செல்போனிலேயே படித்துக்கொள்ளலாம் என்று வந்ததும், நான் வேலை செய்யும் பார்லரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முடி வெட்டிக்கொள்ள வந்த டீச்சர், "எனக்கு வேணாம்பா, படிச்சா தூக்கம் போயிடும்" என்றார். முதலாளி அக்கா தன் கொழுப்புக் கணக்கைக் கடைக்கே வாசித்துக் காட்டினாள். எனக்குக் கை பரபரத்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி என்னைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரைப் பிடித்தபடி நிற்க முடியவில்லை. நான் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பதும், டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்புவதும் வாடிக்கையாகிவிட்டது. ஏன் என்று அதில் இருக்கும் அல்லவா?

இருந்தது. "நோயாளி வலியை மிகைப்படுத்துகிறார்."

எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட டாக்டர். முதல் தடவை போனபோது, வலி பொறுக்காமல் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குக் கிடைத்த பட்டம் இது. பின்னால் வந்தவர்கள் தேதியை மட்டும் மாற்றி ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள். ஒருவர்கூட என் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதைப் போய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். தன் ரத்தப் பரிசோதனை முடிவைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் போட்டுவிடும் மனிதர். என்னுடையதை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"எல்லாருமே இதைத்தானே எழுதியிருக்காங்க?"

"ஒருத்தர் எழுதினதைப் பார்த்து மத்தவங்க எழுதியிருக்காங்க."

"படிச்சவங்க அத்தனை பேருமா பொய் சொல்வாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. நான் முனகினால் ஓடிப்போய் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர்தான். அன்றிலிருந்து முனகினால் டிவி சத்தத்தைக் கூட்டினார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த வரியை எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "எழுதினதை அழிக்க முடியாதும்மா. நீங்க சொல்றதை வேணா கீழ சேர்க்கிறேன்." சேர்த்தாள். நான் வீட்டுக்கு வருவதற்குள் செல்போனில் வந்துவிட்டது: "பதிவை நீக்கும்படி வாக்குவாதம் செய்தார். பதற்றமாகக் காணப்பட்டார்."

சிரிப்பு வந்தது. சிரித்தாலும் விலாவில் வலித்தது.

புது டாக்டர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டருக்குச் சின்ன வயது. கம்ப்யூட்டரைப் படித்து முடித்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என்ன படித்தார் என்பது எனக்குத் தெரியும்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

உயிர் போகிறது என்றால் அந்த வரிக்கு இன்னொரு சாட்சி. அழுதால் கேட்கவே வேண்டாம். அடக்கமாகச் சொன்னால், இவள் அலட்டிக்கொள்கிறவள் இல்லை, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றாதா? கைப்பையை விலாவோடு அழுத்திக்கொண்டேன். முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டேன்.

"பரவாயில்லை டாக்டர். தாங்கிக்கிற அளவுக்குத்தான் இருக்கு."

பக்கத்தில் வீட்டுக்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். டாக்டரின் முகம் மலர்ந்தது. மளமளவென்று ஏதோ தட்டினார்.

வெளியே வந்ததும், நடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன்.

"வலி தாங்கும் அளவிலேயே இருப்பதாக நோயாளியே கூறினார். ஸ்கேன் தேவையில்லை."

இத்தனை டாக்டர்களில், நான் சொன்னதை நம்பியவர் இவர் ஒருவர்தான்.