கால்சட்டையில் வெள்ளைக் கோடு

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஐந்து மாதமாகியும் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்பதற்குச் சுகமாக இருக்கலாம், பட்டுப் பார்த்தால்தான் தெரியும். கிரீஸில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலையில் காபி கொதிப்பதற்குள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் ஒரு சுற்றுத் திட்டி முடித்திருப்போம். அப்படி வளர்ந்தவளை ஜப்பானில் ஹமதா என்ற ஊரில், இரண்டாம் ஆண்டு மூன்றாம் பிரிவில் உட்கார வைத்துக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் வகுப்பைப் பெருக்கித் துடைக்கும் நேரம் வரும். நான் துடைப்பத்தைத் தொட்டால் போதும், யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். "ஐயோ, தெஸ்பீனா சான், நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்." பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்' வேறு. மதியம் நான் பாட்டுக்குக் குச்சியால் மீனை முள் பிரித்துத் தின்றுகொண்டிருப்பேன். பக்கத்தில் ஒரு முள்கரண்டி வந்து உட்காரும். விருந்தாளியாம். ஐந்து மாதமா விருந்து? எங்கள் ஊரில் மூன்றாம் நாளே விருந்தாளி பாத்திரம் கழுவுவார்.

செப்டம்பரில் விளையாட்டு விழா. எங்கள் வகுப்பு உயிரை விட்டது கயிறுதாண்டலுக்குத்தான். நீளக் கயிற்றை இரண்டு முனையிலும் இரண்டு பேர் சுற்றுவார்கள், நடுவில் முப்பத்து மூன்று பேர் சத்தமாக எண்ணிக்கொண்டே ஒன்றாகக் குதிக்க வேண்டும். ஒருவர் கால் தட்டினாலும் எண்ணிக்கை அத்தோடு சரி. ஒரு முனையில் சுற்றுபவள் இரியே, சாஃப்ட்பால் அணித் தலைவி. ஆள் குட்டை, குரல் கப்பல் சங்கு. தட்டியவர்களைப் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். "தூங்கறதுன்னா வீட்டுக்குப் போய்த் தூங்குடா! கால்ல கல்லக் கட்டிக்கிட்டா வந்த?" கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நடுவில்தான் கயிறு உயரமாகப் போகும் என்பதால் நெட்டையான என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முன்னால் டொகாஷி. சாது, கணக்கில் புலி. எத்தனை முறை முயன்றும் எங்களால் பன்னிரண்டைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கயிறு எங்கள் இருவர் பக்கத்தில்தான் நின்றது. இரியே வாயைத் திறப்பாள். என்னைப் பார்ப்பாள். மூடிக்கொள்வாள்.

"பரவால்ல, தெஸ்பீனா சான்! மெதுவாப் பழகிக்கலாம்!"

மற்றவர்களும் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். "என் கால் படல" என்றால், "ஆமாமா, கவலப்படாதீங்க" என்பார்கள். கத்தலாம் போலிருக்கும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இரியே என் மேசைக்கு வந்து குனிந்து வணங்கினாள்.

"தெஸ்பீனா சான், உங்களுக்கு ஒரு முக்கியமான பொறுப்பு. அன்னைக்கு எங்கள நீங்கதான் போட்டோ எடுக்கணும். உங்கள மாதிரி யாராலயும் எடுக்க முடியாது."

நான் எடுத்த ஒரு படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றுக்குள் நிற்கும்போது மட்டும்தான் நான் முப்பத்து மூன்று பேரில் ஒருத்தி. அதையும் பிடுங்கிவிட்டார்கள், அதுவும் மரியாதையாக.

"இன்னிக்கு ஒரு நாளாவது நிக்கறேனே" என்று கெஞ்சினேன். மறுக்கத் தெரியாமல் சரி என்றார்கள்.

மைதானத்தில் அன்றுதான் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதில் உரசி உரசிக் கயிறே வெள்ளையாகிவிட்டது. ஏழு முறை குதித்தோம். ஏழு முறையும் கயிறு நின்றது, ஏழு "பரவால்ல" கிடைத்தது. ஏழாவது முறை குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். கண்ணுக்கு நேரே டொகாஷியின் கருநீலக் கால்சட்டை. கணுக்காலுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைக் கோடுகள். எண்ணினேன், ஏழு. என் கால்சட்டையைப் பார்த்தேன். துளி வெள்ளை இல்லை.

நான் தங்கியிருக்கும் வீட்டு அப்பாவுக்கு மீன் ஏலக்கூடத்தில் வேலை. அவர் போனில் பேசும்போது என் காதில் விழுந்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து வாயில் வந்துவிட்டது.

"டேய் டொகாஷி! திருட்டுப் பயலே! உன் காலப் பாருடா! ஏழு தடவ நீ தட்டிட்டு ஏழையும் என் தலையில கட்டியிருக்கியே! அழுகின கானாங்கெளுத்தி!"

மைதானமே பேயறைந்த மாதிரி நின்றது. டொகாஷி திருட்டு முழி முழித்தான்.

"இரியே திட்டினா என்னால தாங்க முடியல. உங்களத்தான் யாரும் திட்ட மாட்டாங்களே, அதான் பேசாம இருந்துட்டேன்..."

"எனக்கு அதாண்டா பிரச்சனையே!"

இரியே வந்து குந்தி உட்கார்ந்து கோடுகளை எண்ணினாள். பிறகு டொகாஷியை அவள் வாங்கிய வாங்கில் பக்கத்து வகுப்பே பயிற்சியை நிறுத்திவிட்டது. எல்லாம் முடிந்து, காது சிவக்க என்னிடம் வந்தாள்.

"மன்னிச்சிருங்க. விழாவுல நீங்க அவசியம் தாண்டணும்."

"ஒரு கண்டிஷன். நான் தட்டினா என்னையும் திட்டணும்."

"அது எப்படிங்க..."

"இப்ப இவனத் திட்டின மாதிரி."

தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விழா அன்று இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் டொகாஷி பயத்திலேயே முயலாகத் துள்ளினான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, தட். கயிறு நின்றது.

குனிந்து பார்த்தேன். என் காலில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. இந்த முறை சந்தேகமே இல்லை, நான்தான். எல்லோரும் திரும்பிப் புன்னகைக்கத் தயாரானார்கள். இரியேயைப் பார்த்தேன். அவள் உதடு துடித்தது.

"பர..." என்றாள். நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள்.

"தெஸ்பீனா! ஏண்டி, அம்மாம் பெரிய கால வச்சிக்கிட்டு இத்தனூண்டு கயித்தத் தாண்டத் தெரியாதா உனக்கு? வானத்துல காக்கா எண்ணிக்கிட்டிருந்தியா? இன்னொரு தடவ தட்டினே, இதே கயித்தால கொடிக்கம்பத்துல கட்டிப் போட்டுடுவேன்!"

எங்கள் வகுப்பு ஆசிரியர் வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. சிரிப்பு அடங்கவில்லை, கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது.

"சிரிக்காதடி! நான் திட்டிக்கிட்டிருக்கேன்!"

"தெரியுது, தெரியுது. இன்னும் கொஞ்சம் திட்டேன்."

"பைத்தியம்" என்று முன்னாலிருந்து டொகாஷி முணுமுணுத்தான். அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

இரண்டாவது வாய்ப்பில் முப்பத்து நான்கு. ஒன்றாம் பிரிவு முப்பத்தாறு எடுத்து எங்களை இரண்டாமிடத்துக்குத் தள்ளிவிட்டது. பழி யார்மேல் என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். என் பெயரும் நாலைந்து முறை அடிபட்டது.

மறுநாள் வகுப்பைத் துடைக்கும் நேரம். பழக்க தோஷத்தில் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஈரத்துணி ஒன்று பறந்து வந்து என் மேசையில் பொத்தென்று விழுந்தது.

"மகாராணி எழுந்திருக்க மாட்டாங்களோ? ஜன்னல யாரு துடைப்பா?" இரியேதான்.

மூன்று ஜன்னலையும் துடைத்தேன். ஒரு மூலையில் அழுக்கு போகவில்லை என்று மறுபடியும் துடைக்க வைத்தாள்.