முறைக்கு வந்த விறகு

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே ஆதிகேசவன் வந்து வாசலில் நின்றார். கோயில் கமிட்டித் தலைவர் வீடு தேடி வந்தால் ஒன்று வசூல், இல்லையென்றால் வில்லங்கம். வசூல் போன வாரமே முடிந்துவிட்டதால் இது இரண்டாவது ரகம் என்று நர்மதாவுக்குப் புரிந்துபோயிற்று.

"இந்த வருசம் விறகு முறை உங்க ஊடும்மா," என்றார். "ஆனா முனிரத்தினத்துக்குக் கை இப்டி இருக்க சொல்ல உங்களுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு? அடுத்த ஊட்டுக்குத் தள்ளி உட்டுர்லாம்னு பேசிக்கினு இருக்கோம்."

சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். ஆடி மூன்றாம் ஞாயிறு கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு எல்லா வீட்டிலிருந்தும் வரும். விறகு மட்டும் வருஷத்துக்கு ஒரே வீடு. அதுவும் அந்த வீட்டார் தங்கள் கையால் வெட்டியதாக இருக்க வேண்டும். விறகுத் தொட்டியில் விலைக்கு வாங்கக் கூடாது, கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. முறையை விட்ட வீடு வரிசையில் கடைசிக்குப் போய்விடும். அப்புறம் இருபத்தோரு வருஷம் கழித்துத்தான் அம்மனுக்கு அந்த வீட்டின் நினைப்பு வரும்.

நர்மதாவுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு இரும்பு ரோலிங் மில்லில் அவள் புருஷன் முனிரத்தினத்தின் வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போயின. இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். அன்றிலிருந்து தெருவில் பந்தல் போடவும் அவனைக் கூப்பிடுவதில்லை, அம்மன் தேர் இழுக்கவும் கூப்பிடுவதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாவம் என்றுதான் விட்டார்கள். பாவம் பார்த்துப் பார்த்தே ஒரு ஆளைத் தெருக்கணக்கிலிருந்து எடுத்துவிட முடியும் என்பதை அவள் கண்ணெதிரே கண்டாள். இந்த முறையும் கைநழுவினால் முனிரத்தினம் என்று ஒருவன் அங்கே இருப்பதே இல்லையென்று ஆகிவிடும்.

"தள்ள வேணாம்ணா," என்றாள். "கூழுக்கு மொத வெள்ளிக்கிழமை சாயங்காலம் விறகு எங்க ஊட்ல இருந்துதான் வரும்."

"யாரு வெட்டுவா?"

"வரும்ணா. நீங்க போங்க."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த முனிரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, "இன்னா, நீ வெட்டப் போறியா?" என்று கேட்டான்.

"ஆமா."

"கோடாலியத் தூக்கிப் பாத்துருக்கியா நீ?"

கோடாலியை அவள் தூக்கிப் பார்த்ததில்லைதான். ஆனால் எட்டு வருஷமாக சிப்காட் கம்பெனி ஒன்றில் கார் சீட்டுக்கு போல்ட் முடுக்குகிறாள். பேட்டரி கன் அவள் கையில் கரண்டி மாதிரி. ஒரு ஷிப்டுக்கு நானூறு சீட்டு. எந்த பேட்டரி எப்போது சோர்ந்துபோகும், எது சூட்டில் முறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பேட்டரியில் மரம் அறுக்கும் ரம்பம் பஜாரில் வந்திருப்பதை அவள் நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டே போய்வந்தாள். மறுநாள் போனஸ் காசோடு போய் வாங்கிவிட்டாள். கடைக்காரர், "ஊட்டுக்காரர இட்டுக்கினு வாம்மா, எப்டி ஓட்றதுன்னு சொல்லித் தரேன்," என்றார். அவள் பேட்டரியைச் சொருகி, சங்கிலி தொய்வாக இருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பார்த்து, எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று கேட்டதும் மனிதர் வாயை மூடிக்கொண்டு பில் போட்டார்.

வீட்டுக்குப் பின்னால் பாதி பட்டுப்போன பெரிய வேலிக்காத்தான் முள்மரம் ஒன்று கக்கூஸ் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது. அதைத் தாண்டினால் காலி மனை, அதற்கப்பால் கம்பெனி மதில். முதல் ஷிப்டு முடிந்து மூன்றரைக்கு வீடு வந்தால் நாலு மணிக்கெல்லாம் கம்பெனி ஷூவும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். ஒரு சார்ஜுக்கு அரை மணி வேலை ஓடும். பேட்டரி தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். முதல் நாள் முள்கிளைகளைக் கழித்தாள். கையெல்லாம் கீறல். இரண்டாம் நாள் தொடை பருமன் கொம்புகள்.

முனிரத்தினம் அந்த இரண்டு நாளும் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். "பொண்டாட்டி மரம் வெட்டுவா, நான் பாத்துக்கினு நிக்கணுமா?" என்று கேட்டான். "பாக்க வேணாம். கயிறு கட்டு," என்றாள் அவள். அவன் டிவி சத்தத்தை இன்னும் கூட்டினான். ஆனால் மூன்றாம் நாள், அடிமரத்தை அறுக்கும் நேரத்துக்கு அவனே கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். மரத்தில் ஒரு சுற்று, காலி மனை வேப்பமரத்தில் ஒரு சுற்று. மீதி மூன்று விரலாலும் பல்லாலும் முடிச்சை இறுக்கினான்.

ரம்பத்தின் நீளம் ஒரு அடி, மரத்தின் குறுக்களவு அதற்கும் மேலே. அதனால் ஒரு பக்கம் பாதி அறுத்து, சுற்றிப் போய் மறுபக்கம் மீதி அறுக்க வேண்டியிருந்தது. இரண்டு வெட்டும் நேருக்கு நேர் சேரவில்லை. நடுவில் அரை விரல் உயரத்துக்குப் படி விழுந்துவிட்டது. மரம் சொன்ன இடத்தில் சொன்னபடி சாய்ந்தது. நர்மதாவோ அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோணையாப் பூடுச்சி," என்றாள்.

"கூழ் காச்சத்தானே? கட்டிலா செய்யப் போற?" என்று சிரித்தான் முனிரத்தினம். வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டு நாளாகியிருந்தது.

அந்த ஒரு வெட்டுதான் கோணல். மற்றதெல்லாம் இரண்டடிக் குச்சி ஒன்றை வைத்து அளந்து அளந்து துண்டு போட்டாள். லைனில் ஒரு போல்ட் அரைச் சுற்று கூடினாலே சூப்பர்வைசர் குதிப்பார். எட்டு வருஷம் அப்படி வேலை பார்த்தவளுக்கு விறகுதானே என்று விட மனம் வருமா? அவள் அறுக்க அறுக்க அவன் எடுத்து அடுக்கினான். பருமனானது கீழே, மெல்லியது மேலே. எட்டாம் நாள் குவியல் இடுப்புயரம் நின்றது. அதற்கப்புறம் இரண்டு வாரம் வெயில் காய்ந்தது. தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு தரமும் வந்ததும் ஒரு தரமும் அதைப் பார்ப்பாள். நகை வாங்கியபோதுகூட அவ்வளவு தரம் பார்த்ததில்லை.

கூழுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்பாடி வண்டி வைத்துக் கோயில் முன்னால் கொண்டுபோய் அடுக்கினார்கள். ஆதிகேசவன் ஒரு துண்டை எடுத்தார். திருப்பினார். வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் தடவினார். முகம் மாறிவிட்டது.

"இது தொட்டி விறகாச்சே," என்றார்.

"இன்னாண்ணா சொல்றீங்க? எங்க ஊட்டு மரம்."

"கோடாலில வெட்னா மொனை பேந்துக்கினு இருக்கும். இது தட்டு மாதிரி கீது. அளவும் ஒண்ணே போல கீது. மரமறுக்கற சாமில் ரம்பத்துல அறுத்தாத்தான் இப்டி வரும். நானும் தொட்டில வேல பாத்தவன்தான்."

அவள் ஒழுங்கே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கூட்டம் கூடியது. அந்தத் தெருவில் விறகு வெட்டுவது ரகசியமாக நடக்கிற காரியமில்லை. முறை வீட்டில் கோடாலிச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்திலிருந்து டீ போகும். அதுதான் காலங்காலமாக சாட்சி. இந்த வருஷம் யார் வீட்டிலிருந்தும் ஒரு டம்ளர் டீ போகவில்லை. ஏனென்றால் யார் காதிலும் ஒரு கோடாலிச் சத்தமும் விழவில்லை.

பக்கத்து வீட்டு கிரேஸ் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இல்லண்ணா, தெனம் நாலு மணிக்கு அவங்க ஊட்ல சத்தம் கேக்கும்."

"இன்னா சத்தம்?"

"மிக்ஸி சத்தம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நர்மதா ரம்பத்தை எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். கொண்டுவந்து, ஒரு கொம்பைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள். சிவப்பு விளக்கு இரண்டு தரம் மின்னிவிட்டு அணைந்தது. ஷிப்டு முடிந்து வந்து சில்லறைக் குச்சிகளைக் கழித்ததில் சார்ஜ் தீர்ந்திருந்தது. இப்போது சார்ஜ் போடலாமென்றால் தெருவில் கரண்டும் இல்லை. பேட்டரியின் குணமெல்லாம் தெரிந்தவள், இன்றைக்கென்று பார்த்து சார்ஜ் போடாமல் விட்டாள். அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

"பொம்மைய வெச்சிக்கினு வேலிக்காத்தான வெட்னியா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஆதிகேசவன் கோபக்காரர் இல்லை. அவர் வருத்தமாகப் பேசியதுதான் இன்னும் எரிந்தது. "உன் கஷ்டம் புரிதும்மா. ஆனா அம்மன் காரியம். விறகு இருக்கட்டும், முறைய அடுத்த ஊட்டுக்குக் குடுத்துரலாம்."

அதுவரை ஓரமாக நின்றிருந்த முனிரத்தினம் அப்போதுதான் அசைந்தான். குவியலிடம் போய்க் குனிந்தான். அடுக்கியவனுக்குத் தெரியாதா எது எங்கே என்று? கீழ் வரிசையில் கைவிட்டு, பருமனான ஒரு துண்டை உருவி, இடது தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"எங்கடா போற?" என்றார் ஆதிகேசவன்.

"வாங்கண்ணா. எல்லாரும் வாங்க."

கூட்டம் பின்னாலேயே போனது. கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை நின்றது. முனிரத்தினம் துண்டை அதன் மேல் வைத்து மெதுவாகத் திருகினான். ஒரு இடம் வந்ததும் டொக்கென்று உட்கார்ந்தது. இரண்டு பக்கமிருந்து அறுத்ததில் விழுந்த அந்தப் படி மேலும் கீழும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொண்டது. பட்டையில் ஓடிய வெடிப்பு மேலிருந்து கீழே விடாமல் இறங்கியது. பட்டையின் கறுப்புத் திட்டும் விளிம்பில் அப்படியே தொடர்ந்தது.

ஆதிகேசவன் துண்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. சுற்றிலும் கிடந்த மரத்தூளைக் காலால் கிளறினார். செருப்பு புதைகிற அளவுக்குத் தூள். அவர் நிமிர்ந்து நர்மதாவைப் பார்த்தார். அவள் கைகளில் ஆறியும் ஆறாமலும் இருந்த முள் கீறல்கள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன.

"தப்பாச் சொல்லிட்டேம்மா," என்றார்.

பின்னாலிருந்து ஒருவன் விடவில்லை. "இருந்தாலும் மிஷின்ல அறுத்தது கையால வெட்னதாவுமா?"

கூழ் அடுப்பு மூட்டும் கங்கம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவளிடம் எதிர்த்துப் பேசிப் பிழைத்தவர் கிடையாது. "மிஷினு தானா நடந்து போய் அறுத்துக்கினு வந்துச்சா? கேவுரு மெஷின்ல அரைக்கறோம், சாமி பாட்டு ஸ்பீக்கர்ல போட்றோம், நீ பைக்குலதான் கோயிலுக்கு வர்ற. அம்மன் எதுனா கேட்டாளா? எனக்கு அடுப்புல எரியணும், அவ்ளோதான்."

கேட்டவன் கூட்டத்துக்குள் நழுவினான். கிரேஸ் மட்டும் நர்மதா கையிலிருந்த ரம்பத்தை வாங்கிப் பார்த்து, "மிக்ஸின்னு நெனச்சேனே," என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்புக்குழியில் மூன்று குண்டான் ஏறியது. முதல் கட்டையை முறை வீட்டு ஆம்பளை வைப்பது வழக்கம். ஆதிகேசவன் மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு அவர் குரல் கொஞ்சம் கூடுதலாகவே ஒலித்தது. "இந்த வருசம் விறகு முறை, முனிரத்தினம் ஊடு!"

அந்தப் பெயர் ஸ்பீக்கரில் தெருவெல்லாம் கேட்டது. இதற்காகத்தானே இவ்வளவும் என்று நர்மதா நினைத்தாள். பெண்கள் கூட்டத்தில் நின்றபடி, இனி எந்தப் பந்தலுக்கு அவனைக் கூப்பிடாமல் விடுவார்கள் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு கர்வம் அவளுக்குள் ஏறியது.

முனிரத்தினம் முன்னால் போனான். கட்டையை எடுக்கவில்லை. தன் அறுபட்ட கையை, இரண்டு வருஷமாகத் தோள்துண்டுக்கு அடியிலேயே வைத்திருந்த கையை, நீட்டினான்.

"மைக்கக் குடுங்கண்ணா."

ஆதிகேசவன் கொடுத்தார். மூன்று விரலால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு தரம் தொண்டையைச் செருமினான்.

"இது என் பொண்டாட்டி நர்மதா வெட்ன விறகு," என்றான். "அடுக்குனது நானு."

முதலில் கங்கம்மா கை தட்டினாள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். நர்மதா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் காப்பாற்றப் போனது அவன் பெயரை. அவனோ எல்லார் முன்னாலும் அவள் பெயரைத் தூக்கி வைத்துவிட்டான்.

"இன்னாடி நிக்கற?" என்று கங்கம்மா கத்தினாள். "தண்ணி காயணும், சீக்கிரம் வா!"

நர்மதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். முனிரத்தினம் கட்டையின் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். அடுப்புக்குள் வைத்தார்கள். கங்கம்மா கற்பூரத்தைக் கொளுத்திப் போட்டாள்.