முதுகு காட்டிய மலை

கருக்கலிலேயே கொழுந்தெடுக்க வந்து நிரை பிடித்தவர்களைப் போல முகடுதோறும் நின்ற மூடுபனி, வெயில் ஏறியதும் கொத்துக் கொத்தாய்ச் சரிவிறங்கி மறைய, ஹட்டனுக்கு அப்பால் மலைகளிடையே தேங்கிய பெருநீர், அகன்ற இடத்தில் கடலென விரிந்தும், குன்றுகள் நெருங்கிய இடத்தில் கால்வாயென ஒடுங்கியும் கிடந்தது. படிப்பவரே, அவ்வொடுங்கிய நீர்வழியேதான் விருந்தினர் மாளிகையின் வெள்ளைப் படகு அன்று காலை மெல்ல ஊர்ந்து வந்தது.

அயல்நாட்டு இணையர் இருவர் முன்னே அமர்ந்திருந்தனர். பின்னே மாளிகையின் மேலாளர். சுக்கான் பிடித்தவன் அப்ராஸ். நடுவே நின்று மலைகளின் பெருமையை விருந்தினர் மொழியில் எடுத்துரைத்தவள் லோஜினி. வரப்போகும் தேயிலைச் சரிவின் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் அவள். அதை விருந்தினரிடம் சொல்லலாகாது என்பது மேலாளரின் கட்டளை. ஆனால் அவள் நெஞ்சை அரித்தது அக்கட்டளை அன்று. அதற்கு மேலும் ஒரு படி சென்று, "படகு வந்தா என்னைக் கூப்பிடாதீங்கம்மா" என்று தாயிடம் தானே சொல்லிவைத்த சொல். "சரி தாயி" என்றாள் பேச்சியம்மா. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதேனும் காரணம் சொல்லி ஆறியிருக்கலாம். கேளாமல் விட்ட அந்த அமைதியே மகளின் உள்ளத்தில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

படகு வளைவு திரும்பியது. நீரோரச் சரிவில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தனர்.

"ஏ பேச்சி, படகுல ஒம் மக வாராடி! என்னமா நிமிந்து நிக்கிறா, திரும்பிப் பாருடி!" என்று கூவினாள் தோழி ராக்காயி.

"எவளோ தொரசாணி போறா. நீ கொழுந்த எடு, கங்காணி பாக்குறாரு" என்ற பேச்சியம்மா, நீருக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள்.

பெண்கள் சிரித்தனர். என்ன பேசுகிறார்கள் என்று விருந்தினர் வினவினர்.

"பாட்டுப் பாடுறாங்கன்னு சொல்லும்மா. எப்பவும் சொல்றதுதானே" என்றார் மேலாளர்.

லோஜினி அம்முதுகைப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றிய படங்குச் சாக்கும், உச்சந்தலையை அழுத்திய கூடைக்கயிறும், அக்கயிற்றுக்குப் பழகி வளைந்த கழுத்தும் பார்த்தாள். தன் பிறப்பிடம் குறித்த நாணத்தை இத்தனை நாள் தானே சுமப்பதாக எண்ணியிருந்தாள்; கூடையோடு கூடையாய் அதையும் தாயின் தலைமேல் ஏற்றியிருந்ததை அக்கணமே கண்டாள். கண்டபின் வாய் பொய்க்கு வளையவில்லை.

அவர்கள் பாடவில்லை என்றும், முதுகு காட்டி நிற்பவள் தன்னை ஈன்றவள் என்றும், அவளை அப்படி நிற்கச் செய்தவள் தானே என்றும் விருந்தினரிடம் தெளிவாய்ச் சொன்னாள். பிறகு தன் மொழியில் மலை அதிரக் கூவினாள்:

"அம்மா! ஒங்க மக லோஜினி! திரும்புங்கம்மா!"

அயல்நாட்டுப் பெண் படம்பிடிக்கும் கருவியை மடியில் இறக்கினாள். மேலாளரின் முகம் இருண்டது. "இங்கேயே இறங்கிக்க. நாளையிலருந்து வராத."

"கரைக்கு விடுங்க, அப்ராஸ் நானா."

"முழங்கால் மட்டுக்கும் சேறு, தங்கச்சி."

"எங்க ஊருச் சேறுதானே நானா, விடுங்க."

காலணிகளைக் கையிலேந்திச் சேற்றில் இறங்கி, தேயிலை நிரைகளைப் பிளந்து ஏறினாள். பேச்சியம்மா கூடையோடு ஓடிவந்தாள்.

"கிறுக்குப் புள்ள, வேலை போச்சேடி!"

"போகட்டும்மா. ஒங்களத் தெரியாதுன்னு சொல்ற வேலை எனக்கெதுக்கு?"

"அப்ப நாளைக்கு ஒனக்கும் ஒரு கூடை எடுத்து வைக்கவா?" என்று ராக்காயி சீண்டினாள்.

"வேணாம் சின்னம்மா. ஹட்டன்ல வேற வேலை கேப்பேன். எங்க கேட்டாலும் மொதல்ல எங்கம்மா பேரச் சொல்லித்தான் கேப்பேன்."

பேச்சியம்மா கூடையை இறக்கிவைத்தாள். படங்கின் முனையால் மகளின் காற்சேற்றைத் துடைக்கக் குனிந்தாள். லோஜினி அவள் தோளைப் பற்றி நிமிர்த்தினாள்.

வேலை போவது இழப்பே. அதன் வலியை அவ்வீட்டு அடுப்பு அறியும். ஆயினும் ஈன்றவளை உலகறிய ஒருமுறை உரத்து அழைத்துவிட்ட குரல், அதன்பின் எந்த வாயிலிலும் தாழ்ந்து ஒலிப்பதில்லை.