மேஸ்திரி ஓட்டிப்போன வாத்துகள்

அன்று காலை எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, தம்பி மனைவி, கால்நடை டாக்டர், பக்கத்துப் பண்ணை வாத்துக்காரர். ஆறாவதாக மேஸ்திரி. வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

மேஸ்திரி எங்கள் ஆட்டு நாய். வயது பதினாறு. மந்தையை மட்டுமல்ல, வேலையாட்களையும் விரட்டி வேலை வாங்குகிறவன் என்பதால் அந்தப் பெயர். இடுப்பில் கட்டி, இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. உழைத்த பிராணியை வலியில் கிடக்கவிடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன்.

டாக்டர் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாத்துக்காரர் வந்தார். கக்கத்தில் ஒரு வெள்ளை வாத்து. அதன் வாலில் பாதி இறகைக் காணோம்.

"அஞ்சுல நாலு வாத்து போச்சும்மா. மூணு நாளா தேடறேன். இது ஒண்ணுதான் தப்பிச்சு வந்துச்சு. எல்லாம் உங்க மேஸ்திரி வேலைதான்."

"அவன் வாயில இருக்கிறதே நாலு பல்லு," என்றான் தம்பி.

"வாத்துக்கு ஒரு பல்லு போதுமே, தம்பி."

"விடுங்கண்ணே," என்றாள் தம்பி மனைவி. "சாகப்போற ஜீவன். இப்பப் போயி..."

"செத்துட்டா அப்புறம் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

எனக்கு உச்சந்தலை சுட்டது. பதினாறு வருடத்தில் ஒரு குட்டியின் காதில்கூடக் கீறல் விழுந்ததில்லை. எங்கள் நாய்கள் ஓட்டும், கடிக்காது. அப்பா காலத்திலிருந்தே கடிக்கிற நாயை நாங்கள் வைத்துக்கொண்டதில்லை.

"டாக்டர், ஊசியை மூடுங்க. கொலைகாரன்னு பேர் வாங்கிக்கிட்டு என் வீட்டு நாய் போகாது."

"அம்மா, நான் இன்னும் ரெண்டு மாடு பாக்கணும்..."

"மாடு நிக்கும்."

"மூடிட்டா ஆச்சா? ஊரைக் கூப்பிட்டுக் கேளுங்க!" என்று வாத்துக்காரர் இரண்டு கையையும் விரித்தார். கோபத்தில் கக்கத்தை மறந்துவிட்டார். வாத்து பொத்தென்று விழுந்து ஓட்டமெடுத்தது.

மேஸ்திரியின் காது நிமிர்ந்தது. பிறகு தலை. பிறகு, நாங்கள் வாய் பிளந்து நிற்க, எழுந்தேவிட்டான்!

"அக்கா! அக்கா, பாரு!"

ஒரு பின்னங்கால் இழுபட இழுபடப் போனான். வாத்து இடப்பக்கம் திரும்பினால் அங்கே நின்றான். வலப்பக்கம் திரும்பினால் அங்கேயும் நின்றான். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வைக்கோல் போரைத் தாண்டி, பின்னாலேயே நாங்கள். டாக்டர் ஒரு செருப்பை வழியில் விட்டார். எனக்கு எழுபத்தொரு வயது. நானும் ஓடினேன்.

"கடிக்கப் போறான்! கடிக்கப் போறான்!" என்று அலறினார் வாத்துக்காரர்.

"கண்ணைத் திறந்து பாருங்கய்யா!" என்று கத்தினேன். அவன் மூக்குக்கும் வாத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அது குறையவே இல்லை.

அவன் ஓட்டிப்போனது பழைய ஆட்டுக் கொட்டகைக்கு. புதுக் கொட்டகை கட்டி ஆறு வருடம் ஆகிறது. மேஸ்திரி அதை ஒத்துக்கொண்டதே இல்லை. பழையதன் கதவு உள்பக்கமாக மட்டுமே திறக்கும். தள்ளினால் போகலாம், வர முடியாது. வாத்து முட்டிக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. மேஸ்திரி வாசலில் குறுக்கே படுத்துவிட்டான்.

அவனைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன். உள்ளே ஒழுகுகிற குழாய்க்கு அடியில், சிந்திக் கிடந்த தவிட்டைத் தின்றுகொண்டு, நாலு வாத்துகள்! கொழுகொழுவென்று! சுவரின் உடைந்த அடிப்பலகையில் வெள்ளை இறகுகள் சிக்கியிருந்தன. வால் இறகு போனது அந்தச் சந்தில் நுழைந்து வெளியேறியபோதுதான்.

"கண்ணு மங்கிப்போச்சில்ல," என்றான் தம்பி, மூச்சு வாங்க. "வெள்ளையா நகர்றதெல்லாம் நம்ம ஆடுன்னு நினைச்சு அடைச்சிருக்கான்."

வாத்துக்காரர் மண்ணில் உட்கார்ந்தார். "மேஸ்திரி, மன்னிச்சுக்கங்க," என்றார். நாய்க்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து மேஸ்திரியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். நெஞ்சு இன்னும் ஓட்டத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது, அவனுக்கும் எனக்கும்.

"இப்பப் போடுங்க, டாக்டர்."

வால் இரண்டு முறை தரையைத் தட்டியது. அவ்வளவுதான்.

வாத்துகளைக் கொன்றதற்காக நாங்கள் நாயைக் கொன்றோம் என்று தீவனக் கடையில் ஒரு பேச்சு நடக்கிறதாம். அது தவறு. மேஸ்திரி ஒரு வாத்தையும் கொல்லவில்லை. ஐந்தும் பக்கத்துப் பண்ணையில் இருக்கின்றன. யாரும் போய்ப் பார்க்கலாம்.