பூட்டிய புகார்ப் பக்கம்

காலையிலிருந்து கம்ப்யூட்டர்க்காரருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. குடிநீர் அலுவலகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புகார்ப் பக்கத்தைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். ஒரு வாரமாகப் புதிதாக ஒரு புகார்கூட இல்லை. எப்படி வரும்? வரவிடாமல் செய்ததே அவர்தானே!

யோசனை மேலதிகாரியுடையது. "ஆய்வுக்கு ஆள் வர்றாங்க. புகார்ப் பக்கம் நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும் திறக்கணும். வெளியாளுக்கு வேணாம். முடியுமா?"

முடியாமல் என்ன? இணையதளத்துக்கு முன்னால் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. யார் எந்தப் பக்கத்துக்குள் போகலாம் என்று வாசலிலேயே தீர்மானிப்பது அதுதான். அதில் ஒரே ஒரு வரி சேர்த்தார். உள்ளேயிருந்து பார்த்தால் பக்கம் பளிச்சென்று திறந்தது. வெளியே இருப்பவருக்கு 'அனுமதி இல்லை'. ஆய்வுக்காரர்களும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டு, "புதுசா புகாரே இல்லையே, பிரமாதம்!" என்று கைகுலுக்கிப் போனார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஆய்வு முடிந்தும், "இருக்கட்டும்பா, நிம்மதியா இருக்கு" என்றார் மேலதிகாரி. இவரும் தலையாட்டினார்.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், உங்க வெப்சைட்டுக்கு என்னடா கேடு? நாலு நாளா குழாய்ல சாக்கடை நாத்தம். ஆபீசுக்கு போன் பண்ணினா வெப்சைட்ல போடுங்கறாங்க. போட்டா 'அனுமதி இல்லை'ங்குது. தெருவே வாந்தி பேதியில கிடக்கு. என் சின்னவளுக்கு ட்ரிப்ஸ் ஏறுது. கண்ணே திறக்க மாட்டேங்குறாடா..."

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"உனக்கு எதுக்குத் தொந்தரவு, எல்லாரையும்போல முறையா போடுவோம்னு நினைச்சேன்."

"அக்கா... அந்தப் பக்கத்தைப் பூட்டினது நான்தான்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

ப்ராக்ஸியில் சேர்த்த அந்த வரியை அழித்தார். அக்கா தெருவுக்குப் போகும் தண்ணீரை உடனே நிறுத்தச் சொல்லிக் குழாய்ப் பிரிவுக்குத் தகவல் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் முப்பத்தேழு புகார்கள் வந்து குவிந்தன. மேலதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"மூடறப்போ யாரைக் கேட்டோம் சார்? புகாரை மூடினா குறை தீராது, வளரும். ஜனங்களைக் காப்பாத்தத்தான் இந்தச் சாவியை நம்ம கையில கொடுத்திருக்காங்க, அவங்க வாயை அடைக்க இல்ல. இனிமே மூடணும்னா எழுத்துல கொடுங்க. அதையும் எல்லாரும் பார்க்கிற பக்கத்துலயே போடறேன்."

பதிலுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆனால் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சின்னவ கண்ணைத் திறந்துட்டா. உள்ளே போ" என்றாள். "உன்மேல கோபம் தீரலைடா. அதுக்காக நானும் உன்னை வெளியே நிறுத்தினா, உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"