கை நனைக்காதவர்கள்

ஐஸ்கிறீம் டப்பாவைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆழத் தள்ளி, அதன்மேல் கறிவேப்பிலைக் கட்டையும் மிளகாய்ப் பையையும் போட்டு மூடினாள் நேசமலர். அப்படியும் மனம் ஆறவில்லை. இலை சுருண்ட முழுக் கோவா ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள்.

"அம்மா, சாப்பாட்டுக்கு முதல் நான் ஊசி போடவேணும்," என்றாள் தனுஷியா.

"அவை போனாப் பிறகு போடு. அதுவரைக்கும் சாப்பிடாத. பரிமாறிக்கொண்டு நில், ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்."

"சொன்னா என்னம்மா?"

"தாலி ஏறட்டும், பிறகு சொல்லலாம்."

டப்பாவுக்குள் இருந்தது கள்ளச் சாமான் அல்ல, இன்சுலினும் ஊசிகளும். ஒன்பது வயதில், பொரளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, தன் வயிற்றைக் கிள்ளிப் பிடித்துத் தானே ஊசி போடப் பழகியவள் தனுஷியா. வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிய அன்றே இன்னொன்றையும் பழக்கினார்கள்: ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. பள்ளிக்கூடக் கழிப்பறை, டியூசன் வகுப்புக் கழிப்பறை, கல்யாண மண்டபக் கழிப்பறை, இப்போது வேலை செய்யும் இரத்மலானைத் தொழிற்சாலையின் கழிப்பறை. இருபது வருடமாகத் தன்னை உயிரோடு வைத்திருந்த மருந்தை அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் ஏற்றினாள். விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் மயங்கி விழுந்தபோதுகூட, "பிள்ளை காலமை சாப்பிடேல்ல" என்றுதான் ஆசிரியைக்குச் சொல்லப்பட்டது.

பேசி வந்த மாப்பிள்ளை கஜீவனிடம் மட்டும் அவள் மறைக்கவில்லை. கோயிலில் பார்த்து இருவருக்கும் பிடித்தபின், மூன்று வாரத்துக்கு முன் போனில் எழுதி அனுப்பினாள். 'எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அம்மாவுக்கு நேரம் பாத்து நானே சொல்லுறன்' என்று பதில் வந்தது. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு போனதுகூட அவளுக்குச் சுகமாக இருந்தது. அவனை உண்மையாகவே விரும்பத் தொடங்கியது அந்தப் பதிலுக்குப் பிறகுதான்.

இன்று சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சம்மதம் இல்லாத பெண் வீட்டில் மாப்பிள்ளை பகுதி கை நனைக்காது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முற்றாகிவிட்டது, பிறகு நாள் வைப்பதுதான் பாக்கி.

கஜீவனோடு மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்த மாப்பிள்ளையின் தாய் மங்கையற்கரசி, உட்காரும் முன்பே ஒரு சின்னப் பையை நீட்டினாள். "இதைப் பிரிட்ஜில வையுங்கோ. என்ர இன்சுலின். பொல்லாத வெயில்."

நேசமலர் அதை வாங்கி, திறந்தால் முதலில் கண்ணில் படும்படி கதவுத் தட்டில் வைத்தாள்.

சீனி இல்லாத தேத்தண்ணி வந்தது. "எங்கட வயதில சீனி வருத்தம் இல்லாத ஆள் ஆர்?" என்றாள் மங்கையற்கரசி. தனுஷியாவின் அப்பா சண்முகலிங்கம் சிரித்துத் தலையாட்டினார். வராவிட்டால்தான் வெட்கம் என்பதுபோல இருந்தது பேச்சு.

சாப்பாடு மேசைக்கு வந்ததும் மங்கையற்கரசி ஊசிப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். "மகள்தான் போட்டுவிடுறவ. அவ கனடாவுக்குப் போனாப் பிறகு நானே குத்துறன். ஒரே நோவு. மகனுக்கு ஊசியைக் கண்டாலே தலை சுத்தும்." கஜீவன் அசடு வழிந்தான்.

"தாங்கோ அன்ரி," என்று வாங்கி மூடியைக் கழற்றிய தனுஷியா திகைத்துப்போனாள். ஊசிமுனை வளைந்திருந்தது. "இதை எப்ப மாத்தினீங்கள்?"

"ஒரு மாசம் இருக்கும்."

அதை ஒரு மனுசியின் உடம்பில் ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை. நேரே பிரிட்ஜுக்குப் போய்க் கோவாவை நகர்த்தி, டப்பாவைத் திறந்து, புது ஊசி ஒன்றை எடுத்து வந்தாள். பேனாவில் பூட்டி, இரண்டு துளி வெளியே விட்டுப் பார்த்து, மங்கையற்கரசி சொன்ன அளவுக்குத் திருகி, மேற்கையின் சதையைக் கிள்ளிக் குத்தி, பத்து எண்ணி எடுத்தாள்.

"போட்டதே தெரியேல்ல," என்று மங்கையற்கரசி வியந்தாள். பிறகுதான் கேட்டாள்: "இந்த வீட்டில ஊசி ஆருக்கு?"

"இவருக்குத்தான்," என்று முந்திக்கொண்டாள் நேசமலர். வாழ்நாளில் இன்சுலின் போட்டறியாத சண்முகலிங்கம், "ஓம், ஓம்" என்றார்.

"பாவம்," என்று மங்கையற்கரசி கதிரையை இழுத்தாள். பொய் அவ்வளவு சுலபமாக இறங்கியது. அறுபது வயது ஆணுக்கு வந்தால் அது நோய், கல்யாண வயதுப் பெண்ணுக்கு வந்தால் குறை. இனித் தனுஷியா வாயை மூடிக்கொண்டு சோற்றைப் போட்டால் போதும், கஜீவன் அவளுக்குத்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்கு இல்ல அன்ரி, எனக்கு. ஒன்பது வயசில இருந்து போடுறன்."

மங்கையற்கரசி சட்டைக் கையை இழுத்து, ஊசி போட்ட இடத்தை மறைத்தாள்.

"எங்கட பரம்பரையில இப்பிடி ஒரு வருத்தம் இல்ல," என்றாள்.

கஜீவன் இப்போதுதான் வாயைத் திறந்தான். "இதை ஏன் எங்களுக்கு முதலே சொல்லேல்ல?"

தனுஷியாவின் போன் மேசையில்தான் கிடந்தது. அவன் அனுப்பிய பதிலை எடுத்துக் காட்டினால் வெல்லலாம். வென்று, இவனையா கட்டுவது? அவள் அதைத் தொடவில்லை.

தாயும் மகனும் எழுந்தார்கள். "ஊசி போட்டாச்சு அன்ரி, சாப்பிடாமப் போகாதேங்கோ, சீனி இறங்கி மயக்கம் வரும்," என்று மறித்தாள் தனுஷியா. "சம்பந்தம் எண்டு நாங்கள் எடுக்க மாட்டம். இருந்து சாப்பிடுங்கோ."

"கை நனைக்கிறது சரிவராது, பிள்ளை," என்று சொல்லிப் படியிறங்கினாள் மங்கையற்கரசி.

கீழே வாடகைக் கார் வரத் தாமதமாயிற்று. அரை மணிக்குள் கஜீவன் மூன்று மாடியும் ஓடி ஏறி வந்தான். "தனுஷியா, அம்மாவுக்கு என்னவோ செய்யுது."

கீழே காவலாளியின் கதிரையில் வியர்த்து ஒழுகி, கை நடுங்க, கண் செருகிக் கிடந்தாள் மங்கையற்கரசி. தனுஷியா எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லப் பருக்கினாள். கால் மணி சென்று முகம் தெளிந்தது.

மங்கையற்கரசி கிளாசைப் பார்த்தாள். "உங்கட வீட்டில கை நனைச்சதா இதை எடுக்காதேங்கோ, என்ன."

"இல்ல அன்ரி, இது மருந்து. போற வழியில சோறு சாப்பிடுங்கோ. ஊசியை ஒவ்வொரு முறையும் மாத்துங்கோ."

மேலே வந்து, டப்பாவை எடுத்துத் துடைத்துப் பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தாள். தன் ஊசியுடன் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள போய்ப் போடன் பிள்ளை," என்று அழுகைக்கிடையில் சொன்னாள் நேசமலர். "யன்னல் திறந்திருக்கு. முன் வீட்டுக்காரர் பாக்கப்போகினம்."

"பாக்கட்டும்," என்று தனுஷியா அங்கேயே போட்டுக்கொண்டாள். பிறகு மங்கையற்கரசிக்கு வைத்த தட்டை இழுத்து, ஆறிப்போன சோற்றைப் போட்டு, அதில் கை வைத்தாள்.